மூன்றாவது சீட்டு

"இது இன்னாம்மா?"

சத்யப்பிரியா வேலை செய்கிற போர்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டை உரித்து எடுத்தார் சூப்பர்வைசர் ஸ்ரீதர். ஒரகடத்தில், காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி. லைனில் போன் கூடாது, புத்தகம் கூடாது, காகிதமும் கூடாது.

சீட்டில் பொடி எழுத்தில் நாடாளுமன்றமே அடங்கியிருந்தது. மக்களவை, மாநிலங்களவை, மசோதா எப்படிச் சட்டமாகிறது, எல்லாம்.

சத்யப்பிரியாவுக்குக் காண்ட்ராக்ட் வேலை. நாளையிலிருந்து வராதே என்றால் அதோடு சரி. அதனால்தான் அரசாங்க வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறாள்.

"வேலை செய்ய வந்தியா, கலெக்டராவ வந்தியா? இது மொத வார்னிங். மூணாவது தபா மாட்டினா கேட்டுக்கு வெளியே."

சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரச் சீட்டில் நிர்வாகத் துறை. ஜனாதிபதி, ஆளுநர், அமைச்சரவை என்று நுணுக்கி எழுதி ஒட்டியிருந்தாள். மனுஷனுக்குக் கண்ணா அது? அதையும் பிடித்துவிட்டார். ரெண்டாவது வார்னிங்.

பக்கத்து போர்டு ஜோதிக்குப் பொறுக்கவில்லை. சட்டம் போடுவது, நடத்துவது, தீர்ப்பு சொல்வது மூன்றும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்று நீதானேடி சொன்னே, இந்த ஆளுக்கு மட்டும் மூன்றையும் யார் கொடுத்தது என்று பொருமினாள்.

நீதித் துறைக்கும் சீட்டு தயாராகத்தான் இருந்தது. கொண்டுவர தைரியம் வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் படித்து முடித்தாள்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கென்று கட்டாய ஓவர்டைம். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல் என்று பொய் சொல்லி லீவு கேட்டாள். ஸ்ரீதர் ஒரு முறை முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தண்டலத்தில் ஒரு கல்லூரியில் சென்டர். நன்றாகவே எழுதினாள். வெளியே வந்தவள், பைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே ஸ்ரீதர்.

பொய் மாட்டிக்கொண்டது, வேலை போச்சு.

"சார், கோயிலுக்குத்தான் போய்க்கினு இருந்தேன்..."

சொல்லும்போதே அவர் கையைப் பார்த்தாள். அதிலும் ஒரு ஹால் டிக்கெட்.

ஸ்ரீதர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, லைனில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்:

"மூணாவது சீட்டை ஏம்மா எடுத்தாரல? நீதித் துறையில ஏழு கேள்வி போச்சு."