ஐந்து புத்தக உயரம்

அலுவலகம் ஒவ்வொரு முறை புதுத் தொழில்நுட்பத்துக்குத் தாவியபோதும் பூங்கோதை அதற்கொரு தடித்த புத்தகம் வாங்கி, பேருந்தில் நின்றுகொண்டே படித்தாள். அந்தத் தொழில்நுட்பம் பழசாகிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்ன மறுநாள், அந்தப் புத்தகத்தைத் தன் கணினித் திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். பதினாறு வருடத்தில் ஐந்து புத்தகங்கள். திரை ஏற ஏற அவள் முகவாயும் ஏறியது. மேடத்துக்குத் தலைக்கனம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

ஆறாவதைப் பாதி படித்திருந்தபோது மேலாளர் கூப்பிட்டார். “இதையே காலேஜ்ல படிச்சிட்டு வந்தவங்களை எடுத்துட்டோம், பூங்கோதை. இன்னிக்கே சீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க.”

அவள் இடத்தில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்து, திரைக்கு அடியிலிருந்த புத்தகங்களை உருவிக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ உயரத்துல எப்படிக்கா பாத்தீங்க? கழுத்து வலிக்கல?”

பூங்கோதை ஆறாவது புத்தகத்தை அவளிடம் நீட்டினாள். “வச்சுக்கோ. ரெண்டு வருசத்துல முட்டுக்கொடுக்க ஆகும்.”

மற்ற ஐந்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். குனிந்து படியைப் பார்க்க முயன்றாள். கழுத்து இறங்கவில்லை.

வாசலில் காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார். “என்னம்மா, தலைநிமிர்ந்து வர்றீங்க! ப்ரமோஷனா?”