சத்தம் போடாத பெட்டி

கல்யாண வீடியோக்களைச் சேமித்து வைக்கும் சர்வர், காலமான மாமனார் வியாகுலத்தின் அறையில் ரைஸ்மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ஷைனிக்கு அந்த இரைச்சல்தான் சக்களத்தி.

“வேற பெட்டி மாத்துங்கன்னா கேக்கறீங்களா?”

“ஓடறது ஓடட்டும், வுடு,” என்பான் அவள் கணவன் அமலன். கேமரா, லைட் என்று புதிது புதிதாக வாங்குகிறவனுக்கு இதற்கு மட்டும் மனசே வராது.

அவன் பாப்பாரப்பட்டிக்குக் கல்யாண வீடியோ எடுக்கப் போன அன்று, கம்ப்யூட்டர் கடை பிரபாகரை ஷைனியே வரவழைத்தாள்.

“சின்னப் பெட்டி வேணாங்க்கா, சின்ன ஃபேன்தான் கத்தும். இந்த ரேக் பெட்டியில பெரிய ஃபேனு, மெதுவாத்தான் சுத்தும். டிஸ்க்குக்கு அடியில ரப்பர், கதவுல ஸ்பாஞ்சு. பக்கத்துல படுத்தாக்கூட தூக்கம் கெடாதுங்க.”

சாயங்காலம் திரும்பிய அமலன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்ன பண்ணுன? வூடே கப்சிப்னு இருக்கு?”

“பெட்டிய மாத்திட்டேங்க. இனிமேலாவது ஜெபமால சொல்றது காதுல வுழட்டும்.”

இருவரும் முழங்காலிட்டார்கள். அமலன், “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தொடங்கித் தன் பாதியைச் சொல்லி முடித்தான்.

“புனித மரியே...” என்று ஷைனி பதில் சொல்ல வாயெடுக்குமுன், மாமனாரின் அறையில் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு கிழட்டுக் குரல், அந்தக் காலத்துப் பாடத்தில் பதில் சொன்னது.

“அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே...”

ஷைனி உறைந்துபோய்க் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.

“இதுக்குத்தான் அந்தப் பெட்டிய மாத்தாம வச்சிருந்தேன்,” என்றான் மெதுவாக. “நிறுத்தாத ஷைனி, நீயும் கூடச் சொல்லு. பதில் சொல்ல ஆள் இல்லைனு நெனச்சா, அப்பா எந்திரிச்சு இங்க வந்துருவாரு.”