பதினாறாவது நட்டு

ஆய்வகத்தில் பாதுகாப்புப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி அம்மா முதலில் கேட்டது, இங்கே எல்லோரும் ஏன் இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான்.

பேராசிரியர் சிரித்தார். அவருடைய இடது கையும் பைக்குள்தான் இருந்தது.

நானூறு வோல்ட் பேட்டரிகளோடு புழங்கும் இடம். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கையோடு போனால் பிழைக்க வழியுண்டு என்று விளக்கினார். வால்வு ரேடியோ காலத்து ஆட்களின் பழக்கம் அது. இந்த வருஷம் அதை விதியாக்கிச் சுவரில் ஒட்டிவிட்டார். டீ குடிக்கும்போதுகூட ஒரு கை பைக்குள். சாருக்கு வயதாகிவிட்டது, உயிர்ப்பயம் வந்துவிட்டது என்று ஆராய்ச்சி மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

ஸ்பேனர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த விதியின் புண்ணியத்தில்தான் அவர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்பேனர் என்பது ஆய்வக மெக்கானிக்குக்குப் பேராசிரியர் வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

அவருடைய இடது கை ஆறு மாதமாக நடுங்குகிறது.

வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். தினமும் காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களே, சாரிடம் சொல்லித் தொலையுங்கள் என்பாள்.

எப்படிச் சொல்வது? நடுங்கும் கைக்கு இந்த அறைக்குள் இடமில்லை. இன்று இந்த அம்மாவின் கண்ணில் பட்டால் மாலைக்குள் ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பழைய நாற்காலிகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இருபத்தெட்டு வருஷம். இருவரும் முதலில் செய்த மின்சார மூன்று சக்கர வண்டி பதினோரு கிலோமீட்டர் ஓடி நடுரோட்டில் படுத்துவிட்டது. பேராசிரியர் பின்னால் தள்ள, ஸ்பேனர் ஹேண்டில் பிடிக்க, மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்தார்கள். இன்று ஊரில் ஓடும் பேருந்துகளில் பாதிக்குமேல் பேராசிரியர் போட்டுக்கொடுத்த கணக்குப்படி சார்ஜ் ஏறுகிறது. கட்டுரைகளில் அவர் பெயர். நட்டுகளில் ஸ்பேனரின் நீலப் பொட்டு. முடுக்குவதற்கு முன்பே, தன் கண்ணில் தேறிய ஒவ்வொரு நட்டின் தலையிலும் அவர் பெயின்ட் பேனாவால் ஒரு பொட்டு வைப்பார். அந்தப் பொட்டு இல்லாமல் எந்தப் பெட்டியும் மூடப்பட்டதில்லை.

அப்படிக் கூடவே இருந்த பேராசிரியர்தான், சுவரில் ஒட்டிய அதே தாளில் இரண்டாவது விதியையும் எழுதினார். பேட்டரிப் பெட்டிகளைத் திறப்பதும் மூடுவதும் இனி மாணவர்கள் வேலை. ஸ்பேனர் பக்கத்தில் நின்று சொன்னால் போதும்.

கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிட்டார் என்று ஸ்பேனர் நினைத்தார். கோபம் வந்தது. அன்றிலிருந்து பேராசிரியர் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னார்.

அதிகாரி அம்மா மூலையில் இருந்த பெட்டிக்கு வந்தார். ஆயுள் சோதனைக்காக, மூடிய மூடியைத் திறக்காமல் ஆறு மாதமாகச் சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பெட்டி. ஸ்பேனர் கடைசியாக மூடியதும் அதுதான். அம்மா டார்ச்சை அடித்து ஓரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

பதினைந்தில் நீலப் பொட்டு இருந்தது. பதினாறாவது மொட்டையாக இருந்தது.

இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

அந்தப் பெட்டியை மூடிய அன்றுதான் ஸ்பேனரின் கை முதன்முதலாக ஆடியது. நட்டு நழுவி, ரப்பர் விரிப்பில் விழுந்து எங்கோ உருண்டது. நல்ல வேளை, பேராசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்து முடுக்கினார். பொட்டு வைக்க மறந்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் மறதி.

இனி மறைத்துப் பயனில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"அங்க இருக்க வேண்டிய நட்டு எங்கிட்ட இருக்கு மேடம்," என்றார் பேராசிரியர். "அன்னைக்கு என் கை தவறி விழுந்துடுச்சு. ஸ்பேனர்தான் வேற போட்டு முடுக்கினாரு. நோட்டுல எழுதாம விட்டது என் தப்பு."

பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தார். மேசைமேல் ஒரு நட்டை வைத்தார். அதன் தலையில் நீலப் பொட்டு.

அதிகாரி அம்மா முகத்தைச் சுளித்து, நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, அடுத்த அறைக்கு நடந்தார். மாணவர்கள் பின்னால் போனார்கள்.

ஸ்பேனர் சுவரைப் பார்த்தார். தினமும் பார்க்கிற தாள்தான். இரண்டு விதிகளுக்கும் கீழே கையெழுத்து, அதற்குக் கீழே தேதி.

நட்டு விழுந்ததற்கு மறுநாள்.

பேராசிரியர் நட்டை விரலால் ஸ்பேனர் பக்கம் நகர்த்திவிட்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதை எடுக்க ஸ்பேனர் இடது கையை நீட்டினார். கை ஆடியது. ஆடட்டும் என்று விட்டார்.

நட்டு கதகதப்பாக இருந்தது.