கடைசி ஹெட்லைட்

ஞானதுரையிடம் இரண்டு பிளிமத் கார்கள் இருந்தன. அமெரிக்காக்காரன் அந்தக் காரைச் செய்வதையே விட்டுவிட்டதால் ஸ்பேர் கிடைக்காது. கறுப்புக் காரில் எது பழுதானாலும், கொட்டகையில் செங்கல்மேல் நிற்கும் பச்சைக் காரிலிருந்து கழற்றித்தான் மாட்டுவார். முதலில் கியர்பாக்ஸ் போயிற்று, பிறகு கதவுகள். நேற்று, பச்சையில் மிஞ்சியிருந்த ஒற்றை ஹெட்லைட்டும் கறுப்புக்குப் போய்விட்டது.

இன்று அவரைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போய்த் திரும்பிய கறுப்புக்கு, வெறும் கூடாய் நின்ற பச்சையின் பக்கம் பார்க்கவே கூசியது.

“அக்கா, உன் கடைசிக் கண்ணையும் பிடுங்கிக்கிட்டேனே.”

“அட, சும்மா இருடி! ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்குது, மறுபக்கம் அந்தக் குதி குதிக்குது. நடுவுல ரோடு போட்டிருக்கானே மனுஷன்!” என்றது பச்சை.

கறுப்பு தன் முகத்தில் மாட்டியிருந்த அக்காவின் கண்ணை ஒருமுறை சிமிட்டிப் பார்த்தது. போன ஊரின் பெயரைக்கூட அது இன்னும் சொல்லியிருக்கவில்லை.