வலது வரிசைத் தக்காளி

"மறுபடியும் ரெண்டு போச்சு!" என்று பின்தாழ்வாரத்திலிருந்து கத்தினார் முன்னாள் லாரி ஓட்டுநர். "நேத்து நல்லா சிவந்து கிடந்துச்சு. இன்னைக்கு வெறும் காம்புதான் இருக்கு!"

பக்கவாதம் வந்து இடது கை மடியிலேயே முடங்கிய பிறகு அவருக்கு உயிரே அந்தத் தோட்டம்தான். சக்கர நாற்காலியிலிருந்து எட்டும் உயரத்தில் இரும்பு மேசைகள், அவற்றின் மேல் இரண்டு வரிசைத் தொட்டிகள், நடுவில் நாற்காலி நேராக நுழையும் அளவுக்கு மட்டும் வழி, திருப்ப இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் மகளிடம் தன் கையால் பறித்த ஒரு கூடைத் தக்காளியை நீட்டி, அப்பா ஒன்றும் மூலையில் முடங்கிவிடவில்லை என்று காட்டியே தீருவது என்பது அவர் வைராக்கியம்.

"அணிலா இருக்கும்," என்றாள் மனைவி.

"அணில் இப்படிக் காம்பை நறுக்குமா? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கானே தையல்காரன், அவன்தான். கத்தரிக்கோல் அவன்கிட்டதானே இருக்கு!"

"சும்மா ஒருத்தர் மேல பழி போடாதீங்க. இடது வரிசையில நாலு பழம் அப்படியே இருக்கு. அதைப் பறிங்க."

"என் இடது கை ரிட்டையர் ஆயிடுச்சு, தெரியும்ல? திருடனுக்கும் என்னை மாதிரி வலது கைப் பழக்கம் போல. அந்தப் பக்கமே தொட மாட்டேங்கிறான்."

பயிற்சி கொடுக்க வரும் பெண்ணும் இடது கையை அசைக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள்.

மதியச் சாப்பாட்டில் தக்காளி மணத்தது. "கடைத் தக்காளியா இது? பரவாயில்லையே!" என்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி நிமிராமல் பரிமாறினாள்.

சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தாழ்வாரக் கொடியில், வலது வரிசையை ஒட்டிக் காய்ந்த போர்வைக்குப் பின்னால் நாற்காலியை நிறுத்தினார். வலது கையில் குவளை நிறையத் தண்ணீர்.

போர்வைக்கு அப்பாலிருந்து ஒரு கை தக்காளியை நோக்கி மெல்ல நீண்டது. போர்வைக்கு மேலாகச் சளாரென்று தண்ணீரை வீசியவர், அதே வேகத்தில் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டார்.

"மாட்டினியா தையல்காரா!" காலிக் குவளையை ஆட்டி ஆட்டிக் கூச்சல் போட்டார்.

போர்வை விலகியது. தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றவள் அவர் மனைவி.

"அடிப்பாவி, நீயா? என் கையால பறிச்சுப் பொண்ணுக்குக் குடுக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்!"

அவள் கையை உதறவில்லை. சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

"வலது பக்கம் காலியானா இடது பக்கம் கையை நீட்டுவீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா தையல்காரரைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க."

"அதுக்காக என் வீட்டுலயே திருடுவியா? கையும் களவுமா பிடிச்சேன் பார்த்தியா!"

"பிடிச்சீங்க, சரி. எந்தக் கையால பிடிச்சிருக்கீங்க, பாருங்க!"