மச்சான் வயிற்று மருந்து

கறி விருந்தில் நல்லியெலும்பு வைக்கவில்லை என்று, மச்சான் தவசி வீட்டில் இனி கை நனைப்பதில்லை எனப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர் மூட்டை தூக்கும் செவத்தையா.

இப்போது குடல் புண்ணாகி ரத்தமாகப் போனது. மூட்டையைத் தொடவே முடியவில்லை. ஒருவர் குடலின் நல்ல கிருமியை இன்னொருவருக்குக் கொடுக்கும் ஆஸ்பத்திரியின் குடல் கிருமி வங்கி ஊரையே சலித்துவிட்டு, அவர் வயிற்றுக்கு ஒத்துப்போகும் நல்ல கிருமி தவசியிடம் மட்டுமே இருக்கிறது என்றது.

வங்கி அதை அடைத்துக் கொடுத்த மாத்திரையோடு மச்சான் நேரிலேயே வந்தார்.

"எங்க வீட்டுச் சோறுதான ஆகாது மாப்ள? இது சோறு இல்ல. நான் தின்ன சோறு வெளிய வந்து, அதுலருந்து எடுத்தது."

செவத்தையாவின் பெண்டாட்டி பொன்னுத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார்.

ஆடி முடிவதற்குள் ரத்தம் நின்றது. முதுகில் மூட்டை ஏறிய அன்றே மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இலையப் போடுங்க மச்சான். அதையே முழுங்கியாச்சு, சோத்துல என்ன ரோசம்? ஆனா நல்லி எனக்குத்தான்."