கூழைக்கடா வந்த திசை

செனகல் நாட்டுக் கரையில் ஒரு மரப்படகும் ஒரு கூழைக்கடாவும் சிநேகமாக இருந்தன. படகு மீன் கொண்டுவரும், சிந்துவதைக் கூழைக்கடா தின்னும். பிறகு வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து கடலை வழித்துக்கொண்டு போயின. படகு மணலில் கிடந்து காய்ந்தது.

ஒருநாள் படகுக்காரன் பிராமே விரிசல்களை அடைத்து, அதைத் தண்ணீரில் இறக்கினான்.

"மீன் திரும்பிவிட்டது போலிருக்கிறது!" என்றது படகு.

கூழைக்கடா எட்டிப் பார்த்தது. "உள்ளே வலையைக் காணோமே. பெட்ரோலும் ரொட்டியும்தான் இருக்கின்றன."

அதற்குள் ஊர் ஆட்கள் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிராமேயின் மனைவி சோக்னா தண்ணீரில் நின்று, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் படகிலா ஸ்பெயினுக்குப் போகப்போகிறீர்கள்? வேண்டாம்."

"இங்கே இருந்து எதைத் தின்பது, சோக்னா?"

அவள் கையை எடுத்துவிட்டாள்.

யார் கண்ணிலும் படாமல் கூழைக்கடா பின்னாலேயே பறந்தது. நடுக்கடலில் இயந்திரம் நின்றது. படகுக்குள் தண்ணீர் ஏறியது.

"முன்னால் போய்ப் பாரேன், நிலம் தெரிகிறதா?" என்று படகு கெஞ்சியது.

கூழைக்கடா வெகுதூரம் போய்ப் பார்த்தது. எங்கும் தண்ணீர்தான். திரும்பி வந்து சொன்னது.

"அப்படியானால் நீ வீட்டுக்குப் போ. உனக்காவது சிறகு இருக்கிறது" என்றது படகு.

படகின் முன்னால் வட்டமிட்ட கூழைக்கடா ஊர்ப் பக்கமாகத் திரும்பியது. அந்த நேரம் பிராமே நிமிர்ந்து பார்த்துவிட்டான்.

"பறவை! முன்னாலிருந்து வருகிறது பாருங்கள்! கரை பக்கத்தில்தான்!"

சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அவர்கள் கண்ணெதிரே விலகிப்போகக் கூழைக்கடாவுக்கு மனம் வரவில்லை. சிறகு ஓயும்வரை படகைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.